மட் விளையாட்டும் இரண்டாம் வேற்றுமையும்

படம் கிடையாது, சத்தம் கிடையாது, கருப்புத் திரையில் எழுத்து மட்டும். "வடக்கே போ" என்று தட்டினால் அடுத்த அறையின் வர்ணனை வரும். அங்கே இன்னொருத்தர் இருந்தால் அவர் செய்வதும் வரிவரியாக வரும். இதுதான் மல்டி யூசர் டஞ்சன், சுருக்கமா மட். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா ஆரம்பிச்சு, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தது.

எனக்கு விளையாட்டைவிட அதன் உள்ளே கிடக்கும் சில்லறைச் சாமான்கள்மேல்தான் ஆர்வம். 1989-ல் ஸ்வீடனில் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்பிமட், நிரலை இரண்டாகப் பிரித்தது. கீழே சி மொழியில் எழுதிய டிரைவர். மேலே எல்பிசி மொழியில் மட்லிப். அறை, வாள், அரக்கன் எல்லாம் இங்கேதான். விளையாடி ஜெயிச்சவர்கள் 'விஸார்ட்' ஆகி, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் புதிய ஊர்களைக் கட்டலாம்.

பத்து பேர் நிரல் எழுதினா என்ன ஆகும்? ஒரே வேலைக்குப் பத்து ஃபங்க்ஷன். டிரைவர் தருவதற்கு ஈஃபன் என்று பேர்: சரத்தை உடைக்க எக்ஸ்ப்ளோட், ஒட்ட இம்ப்ளோட், முதலெழுத்தைப் பெரிதாக்க கேபிடலைஸ். அதில் இல்லாத ஒன்று வேணும்னா சி நிரலைத் திருத்தி டிரைவரையே மறுபடி கம்பைல் செய்யணும். அந்தத் தொல்லை இல்லாமல் செய்ய வந்தது சிமுல் ஈஃபன். எல்பிசியில் எழுதி ஒரு பொதுக் கோப்பில் வைத்துவிட்டால், எந்த அறையும் எந்த வாளும் அதை டிரைவரின் சொந்த ஃபங்க்ஷன் மாதிரியே கூப்பிடலாம். டிரைவரிலிருந்து ஒரு பழைய ஈஃபன் போய்விட்டாலும், அதே பேரில் இங்கே ஒன்று எழுதிப் பழைய நிரலை ஓட வைக்கலாம்.

மட்லிப்களின் பொது ஃபங்க்ஷன்களைப் பார்த்தால் ஆங்கில இலக்கணம் நிறைய ஒளிந்திருக்கும். ஒருமையைப் பன்மையாக்க ஒன்று, பேருக்கு முன்னால் 'எ'யா 'ஆன்'ஆ என்று பார்க்க ஒன்று, 'ஹீ'யா 'ஷீ'யா என்று சொல்ல ஒன்று. அடிப்பவருக்கு 'யூ ஹிட்', பார்ப்பவருக்கு 'பாப் ஹிட்ஸ்'. வினையில் ஒரே ஒரு 'எஸ்' வித்தியாசம், அவ்வளவுதான்.

இதையே தமிழில் செய்யணும்னா? எங்க ஊர் சிவகிரியை ஒரு மட் அறையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது சங்கரன்கோவில் பக்கத்து சிவகிரி, ஈரோடு சிவகிரி இல்லை. ஊர்ப் பேரிலேயே முதல் சிக்கல். 'சிவகிரி' நமக்கு 4 எழுத்து, யூனிகோடில் 7 குறி, யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். 80 எழுத்தில் வரியை மடக்கும் ஃபங்க்ஷன் பைட்டை எண்ணினால், இந்தக் கணக்கில் 15 எழுத்திலேயே மடக்கிவிடும். குறியை எண்ணி வெட்டினால் 'கி'யின் கொக்கி தனியாகத் தொங்கும். முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன் தமிழ் பைத்தான் நூலகத்தில், சரத்தைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும் ஃபங்க்ஷன் இருக்கிறது. ஆக, இதற்கு விடை உண்டு.

அடுத்து வேற்றுமை உருபு. முருகன் முருகனை ஆகிறான். ஆனால் மரம் மரத்தை, வீடு வீட்டை, ஆறு ஆற்றை. பேரோடு 'ஐ' சேர்த்தால் போதாது. இதற்கு விதி புதிதாகத் தேட வேண்டியதில்லை. மரத்தை என்பதில் வரும் 'அத்து'ச் சாரியை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நன்னூலில் உயிரீறு, மெய்யீறு, உருபு என்று புணரியலே மூன்று. கடைசி எழுத்து இன்னதாக இருந்தால் இன்ன மாற்றம் என்று அடுக்கியிருப்பதைப் பார்த்தால், எனக்கு ஸ்விட்ச் கேஸ்தான் ஞாபகம் வருது.

மூன்றாவதுதான் கஷ்டம். அடித்தான், அடித்தாள், அடித்தது வரைக்கும் பாலைக் கேட்டால் போதும். மரியாதை வந்தால்? எங்க பக்கம் ஒரே முருகன் அவன் அப்பாவுக்கு 'வந்தான்', அவன் பெண்டாட்டிக்கு 'வந்தாக'. மரியாதை முருகனுக்குள் எழுதி வைத்த விவரம் இல்லை, சொல்பவருக்கும் அவனுக்கும் நடுவில் இருப்பது. ஆகவே ஃபங்க்ஷனுக்கு இரண்டு பேரையும் கொடுக்கணும். நல்லவேளை, மட் ஏற்கெனவே செய்பவருக்கு ஒரு வரி, வாங்குபவருக்கு ஒரு வரி, பார்ப்பவருக்கு ஒரு வரி என்று தனித்தனியாகத்தான் அனுப்புகிறது. வாசலைப் பழைய ஆட்களே வைத்திருக்கிறார்கள், நாம் நுழையவில்லை.

இது வெறும் விளையாட்டு விஷயம் இல்லை. உங்கள் போனைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு செயலியில் 'முருகன் ஐ நீக்கவா?' என்று இருக்கும். கொஞ்சம் கவலைப்பட்டவர்கள் 'முருகன் என்பவரை' என்று ஒதுங்கிப் போயிருப்பார்கள். மொழிபெயர்த்தவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குக் கிடைத்தது ஆங்கில வாக்கியத்தின் நடுவில் ஒரு காலி இடம், அதில் பேர் அப்படியே வந்து உட்காரும். காலி இடத்துக்குப் பக்கத்தில் உருபு சேர்க்கும் ஃபங்க்ஷனை யாரும் வைக்கவில்லை.

எழுத்து பிரிக்க, உருபு சேர்க்க, பன்மையாக்க, மரியாதை பார்க்க என்று நாலு ஃபங்க்ஷன். கேபிடலைஸுக்குத் தமிழில் வேலையே இல்லை, அது மிச்சம். இந்த நாலும் ஒரே பொதுக் கோப்பில் இருந்தால், விளையாட்டு எழுதுபவரும் ரயில் அறிவிப்பு எழுதுபவரும் ஒன்றையே கூப்பிடலாம். இல்லாதவரைக்கும் ஒவ்வொருவரும் 'என்பவரை' போட்டுத்தான் தப்பிக்கணும்.