பேட்ச் கோப்பை மேசைத் தன்னியக்க நிரலாக மாற்றுதல்

விண்டோஸ் கணினியில் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் சேமித்த எளிய உரைக்கோப்பு பேட்ச் கோப்பு எனப்படும். அதைச் சாளரம், சுட்டி, விசைப்பலகை ஆகியவற்றையும் இயக்கவல்ல நிரலாகத் திருத்தி எழுதுவதே இம்மாற்றம். ஆட்டோஇட், ஆட்டோஹாட்கீ ஆகிய இரண்டும் இதற்கு மிகுதியாகப் பயன்படும் இலவசக் கருவிகள். கோப்புகளை நகலெடுப்பது, அழிப்பது, மென்பொருளைத் திறப்பது ஆகியவை பேட்ச் கோப்பாலேயே முடியும். திறந்த மென்பொருளுக்குள் ஒரு பொத்தானை அழுத்துவது அதனால் ஆகாது. மாற்றத்தின் தேவை இங்குதான் எழுகிறது.

முன்வரலாறு

வேலைகளை வரிசையாக அடுக்கி, ஆள் குறுக்கிடாமல் கணினியை ஓடவிடும் வழக்கம் துளையட்டைக் காலத்தது. ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளில், எந்த நிரலை எந்தத் தரவோடு எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்பதை ஜேசிஎல் எனும் பணிக்கட்டுப்பாட்டு மொழியில் எழுதினர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 அதே மரபின் அடுத்த தலைமுறைக் கணினி. அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அச்சுத்தாளில் விடை பெறுவது அக்காலத்து நடைமுறை.

கட்டளைகளைக் கோப்பில் எழுதி, கோப்பின் பெயரைச் சொல்லி ஓட்டும் முறையை அமெரிக்காவின் எம்ஐடியில் லூயி பூசான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1960களின் முற்பாதியில் ரன்காம் என்ற நிரலாகச் செய்து காட்டினார். பின்வந்த பல கட்டளைக் கோப்பு முறைகளுக்கு இது முன்னோடி. குறுங்கணினிகளில், கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தின் சப்மிட் கட்டளை இப்பணியைச் செய்தது. டிம் பேட்டர்சன் 1980இல் சிபி/எம்மின் அச்சில் எழுதிய 86-டாஸை மைக்ரோசாஃப்ட் 1981இல் விலைக்கு வாங்கியது. அதிலிருந்து பிறந்த எம்எஸ்-டாஸோடு பேட்ச் கோப்பு உலகெங்கும் பரவியது. கணினி உயிர்பெறும்போதே தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பை அறியாத டாஸ் பயனர் இல்லை.

தொடக்கத்தில் பேட்ச் கோப்பு வெறும் கட்டளைப் பட்டியலாகவே இருந்தது. 1983இல் வந்த டாஸ் 2.0 எக்கோ, இஃப், ஃபார், கோட்டு, ஷிஃப்ட் ஆகியவற்றைச் சேர்த்தது. ஒரு பேட்ச் கோப்பிலிருந்து மற்றொன்றை அழைத்துத் திரும்பும் கால் கட்டளை 1987இன் டாஸ் 3.3இலும், பயனரிடம் தெரிவு கேட்கும் சாய்ஸ் 1993இன் டாஸ் 6.0இலும் வந்தன. அதே ஆண்டு வெளியான விண்டோஸ் என்டி, பழைய கமாண்ட்.காம் இருந்த இடத்தில் சிஎம்டி என்ற புதிய கட்டளைச் செயலியை வைத்தது. இத்தனைக்குப் பிறகும் பேட்ச் ஒரு முழு நிரல்மொழியாக வளரவில்லை. கோட்டுவைக் கொண்டு கிளைபிரிப்பதும், விழுக்காட்டுக் குறிகளுக்கு இடையே மாறிகளை எழுதுவதுமாக அது டாஸ் காலத்திலேயே நின்றுவிட்டது.

சாளரங்களை இயக்கும் முயற்சிகள் தனிக்கிளையாக வளர்ந்தன. விண்டோஸ் 3.0, 3.1 பதிப்புகளில் விசையழுத்தங்களையும் சுட்டி அசைவுகளையும் பதிந்து மீண்டும் ஓட்டும் ரெக்கார்டர் இருந்தது. விண்டோஸ் 95இல் அது கைவிடப்பட்டது. 1991இன் விஷுவல் பேசிக் சென்ட்கீஸ் எனும் விசையனுப்பும் கட்டளையைத் தந்தது. 1998இல் வந்த விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டின் பிற்பதிப்பில் விபிஸ்கிரிப்ட் வழியாக எவரும் அதைப் பயன்படுத்த முடிந்தது.

பல கணினிகளில் மென்பொருள் நிறுவும் வேலையை எளிதாக்க ஜோனதன் பென்னட் 1999இல் ஆட்டோஇட்டை வெளியிட்டார். அதில் குறுக்குவிசை வசதியைச் சேர்க்க முன்வந்த கிறிஸ் மேலட்டின் யோசனை ஏற்கப்படாததால், அவர் 2003 நவம்பரில் ஆட்டோஹாட்கீயைத் தனியே தொடங்கினார். ஆட்டோஇட் மூன்றாம் பதிப்பு பேசிக் மொழியின் நடைக்கு மாறிக்கொண்டது. பழைய இரண்டாம் பதிப்பின் நடையைக் காத்து வளர்த்த உண்மையான வாரிசு ஆட்டோஹாட்கீயே.

வகைப்பாடு

தன்னியக்க நிரல்கள் எதன் வழியாக மென்பொருளைத் தொடுகின்றன என்பதைக் கொண்டு ஐந்து வகைப்படும்.

கோப்புவழி: கோப்பு, அடைவு, நிரல் ஆகியவற்றை முதன்மையாக ஆள்வது. பேட்ச், பவர்ஷெல் இவ்வகை. பவர்ஷெல் முதற்பதிப்பு 2006இல் வெளியானது.

விசைவழி: ஆள் தட்டச்சு செய்வதுபோல் விசைகளை அனுப்புவது. எழுதுவதற்கு எளிது. வேறொரு சாளரம் குறுக்கே வந்தால் விசைகள் அதற்குள் போய்விழும்.

கட்டுப்பாட்டுவழி: சாளரத்தின் பொத்தான், பெட்டி, பட்டியல் ஆகியவற்றை அடையாளங்கண்டு நேரே இயக்குவது. சாளரம் பின்னால் மறைந்திருந்தாலும் பெரும்பாலும் நடக்கும்.

பொருள்வழி: எக்செல் போன்ற மென்பொருள் தானே திறந்துவைத்துள்ள காம் இடைமுகத்தின் வழியே கட்டத்தை எழுதுவதும் படிப்பதும். நம்பகத்தில் முதலிடம் இதற்கே.

படவழி: திரையில் ஒரு படத்தைத் தேடிக் கண்ட இடத்தில் சொடுக்குவது. எம்ஐடியில் பிறந்து 2009இல் அறிமுகமான சிக்குலி இதை முதன்மையாகக் கொண்டது. திரையின் அளவு மாறினால் பிழைபடும் என்பதால் கடைசித் தெரிவாகவே கொள்ளத்தக்கது.

மாற்றும் முறை

வரிக்கு வரி பெயர்ப்பது போதாது. பேட்ச் கோப்பின் ஒவ்வொரு வரியும் எதற்காகக் காத்திருக்கிறது, தோல்வியை எப்படி அறிகிறது என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டோஹாட்கீயில் நகலெடுக்க ஃபைல்காப்பியும் அழிக்க ஃபைல்டெலீட்டும் உள்ளன. கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ஃபைல்எக்ஸிஸ்ட். ஃபார் சுற்றின் இடத்தில் கோப்புச் சுற்று வரும். கோட்டு தாவல்களைத் தனித்தனிச் செயற்கூறுகளாகப் பிரிப்பர். டைம்அவுட் விநாடியில் எண்ணும். அதற்கு ஈடான ஸ்லீப் மில்லிவிநாடியில் எண்ணும். ஆகவே 5 என்று இருந்ததை 5000 என்று எழுத வேண்டும். டிர் போன்ற உள்கட்டளைகள் தனி நிரல்களாக இல்லாததால், சிஎம்டி வழியாகவே அவற்றை ஓட்ட முடியும்.

காத்திருப்பில்தான் தவறு மிகுதி. பேட்ச் கோப்பில் கட்டளைநிலை நிரல் ஒன்றை எழுதினால் அது முடியும்வரை அடுத்த வரி ஓடாது. ஆட்டோஹாட்கீயின் ரன் கட்டளை காத்திராது. ரன்வெயிட் காத்திருந்து, முடிவுக்குறியீட்டையும் தரும். அக்குறியீட்டைப் படிக்கும்போது ரோபோகாப்பியை விலக்காகக் கொள்ள வேண்டும். அதில் 8க்குக் குறைந்த எண்கள் வெற்றியின் வகைகளே. சுழியம் அல்லாததெல்லாம் பிழை என்று எழுதிய நிரல் நல்ல நகலையும் தோல்வி என்றே அறிவிக்கும்.

தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்கும் பேட்ச் கோப்புகள் கணினியின் வட்டார அமைப்பை நம்பியவை. நாள் முன்னே வரும் இந்திய அமைப்பில் சரியாக ஓடியது, மாதம் முன்னே வரும் அமெரிக்க அமைப்பில் எண்களை இடம்மாற்றிவிடும். ஆட்டோஹாட்கீயில் ஆண்டு, மாதம், நாள் தனித்தனி மாறிகளாக இருப்பதால் இச்சிக்கல் இல்லை.

இந்தியச் சிற்றலுவலகங்களில் இம்மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு டேலி கணக்கு மென்பொருளின் காப்புநகல். தரவு அடைவை நகலெடுப்பதோடு பேட்ச் கோப்பின் வேலை முடிந்தது. டேலியின் சொந்தக் காப்புநகல் திரையைத் திறக்க வேண்டுமானால் விசையனுப்பும் நிரல் வேண்டும். டேலி தன் திரையைத் தானே வரைந்துகொள்வதால் கட்டுப்பாட்டுவழி அங்குச் செல்லாது. பழைய டேலி இஆர்பி 9இல் ஆல்ட், எஃப்3 வழியாகச் சென்ற இடத்துக்கு, 2020இல் வந்த டேலிபிரைமில் ஆல்ட், ஒய் வழியாகச் செல்ல வேண்டும். முன்னதற்கு எழுதிய நிரல் பின்னதில் வேறு திரையைத் திறக்கும்.

தமிழ் எழுத்து

விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் வைப்பதால் தமிழின் கொம்பும் துணைக்காலும் பிரிந்து நிற்கும். தன்னியக்க நிரலின் செய்திப்பெட்டியில் தமிழ் ஒழுங்காகவே தோன்றும். பேட்ச் கோப்பில் தமிழ்ப் பெயருள்ள கோப்புகளை ஆள 65001 என்ற குறிப்பக்கத்துக்கு மாற வேண்டும். கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 அடையாளக்குறி இருந்தால் முதற்கட்டளை கெடும். ஆட்டோஹாட்கீ முதற்பதிப்புக்கோ அதே குறி கட்டாயம். இரண்டாம் பதிப்புக்குத் தேவையில்லை.

தமிழ் உள்ளீட்டு மென்பொருள்களும் விசைகளை இடைமறித்தே இயங்குகின்றன. கீமேன் அடிப்படையில் தொடங்கிய எ-கலப்பையும் நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டரும் இத்தகையவை. இவை தமிழ்நிலையில் இருக்கும்போது நிரல் அனுப்பும் ஆங்கில எழுத்துகள் தமிழாக மாறக்கூடும். அனுப்புமுன் ஆங்கில நிலைக்கு மாற்றிக்கொள்வது நலம்.

திருப்போரூர் வட்டாரம்

இவ்வகை நிரல்களுக்கு வேலையுள்ள இடங்களுள் ஒன்று சென்னையின் தகவல் தொழில்நுட்பத் தடம். சென்னை மத்திய கைலாசத்தில் தொடங்கும் பழைய மாமல்லபுரம் சாலை சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் செல்கிறது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் இச்சாலை அத்தடமாயிற்று. திருப்போரூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்த சிறுசேரியில் சிப்காட் பூங்கா அமைந்துள்ளது. டிசிஎஸ், காக்னிசன்ட் வளாகங்கள் அங்குள்ளன. இத்தகைய நிறுவனங்கள் ஏற்கும், பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குத் தரவைப் பெயர்த்து ஏற்றுவது போன்ற அயல்பணிகளில் தன்னியக்க நிரல்கள் பயன்படும்.

வரம்புகள்

பேட்ச் கோப்பை எவரும் உள்நுழையாத கணினியிலும் நள்ளிரவில் ஓட்டலாம். விசையனுப்பும் நிரலுக்குத் திறந்த திரை வேண்டும். திரை பூட்டப்பட்டால் அது நின்றுவிடும். விஸ்டா முதல், நிர்வாகி உரிமையோடு ஓடும் சாளரத்துக்கு எளிய உரிமையுள்ள நிரல் விசை அனுப்ப முடியாது. தனிநிரலாகக் கட்டிய ஆட்டோஹாட்கீ கோப்புகளை நச்சுநிரல் தடுப்பிகள் தவறாகத் தடுப்பதும் உண்டு. கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைப்பது ஆபத்தானது. ரயில்வேயின் முன்பதிவுத் தளத்தில் தன்னியக்க நிரல்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஜூலை முதல் இணையவழித் தட்கல் பதிவுக்கு ஆதார் சரிபார்ப்பும் கட்டாயமாயிற்று.

தற்போதைய நிலை

மைக்ரோசாஃப்ட் 2021 முதல் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பை விண்டோஸ் 10 பயனர்க்கு இலவசமாக அளிக்கிறது. 2023இல் விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடப்போவதாக அறிவித்தது. ஆட்டோஹாட்கீ 2.0 வெளியான நாள் 2022 டிசம்பர் 20. பழைய 1.1 பதிப்புக்கான ஆதரவு 2024இல் முடிந்தது.