சட்டை போன வழி

1656-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம் ஓர் உத்தரவு போட்டது. வேறு வேலை இல்லாத பெண்கள், சிறுமிகள், சிறுவர்கள் எல்லோரும் நூற்க வேண்டும். முழு நூற்பாளி என்று மதிப்பிடப்பட்டவர் ஆண்டில் 30 வாரம், வாரத்துக்கு 3 பவுண்டு நூல் தர வேண்டும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த துணி போதவில்லை. விலையும் கைக்கு எட்டவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பண்ணை வீட்டில் ஒருவன் உடலில் ஏறிய லினன் சட்டைக்குப் பின்னால் முழுக் குடும்பத்தின் உழைப்பு இருந்தது.

லினன் நார் தரும் ஆளிச் செடியை வசந்தத்தில் விதைப்பார்கள். செடி சில அங்குலம் வளர்ந்ததும் பெண்களும் பிள்ளைகளும் வெறுங்காலோடு இறங்கிக் களை பறிப்பார்கள். செருப்புக் கால் பட்டால் இளந்தண்டு நசுங்கிவிடும். ஏறத்தாழ நூறு நாளில் பயிர் தயார். அரிவாள் வைக்க மாட்டார்கள், வேரோடு பிடுங்குவார்கள். தண்டு முழுவதும் ஓடும் நார் வெட்டுப்பட்டால் நீளம் குறையுமே! விதையைச் சீவி எடுத்தபின் தண்டைக் குளத்திலோ ஓடையிலோ ஊறப்போட வேண்டும். சில இடங்களில் பனித்துளி படும்படி பரப்புவார்கள். தண்டின் பசை அழுகும் நாற்றம் ஊரைத் தூக்கும். காய்ந்த தண்டை மரப்பொறியில் நொறுக்குவது பெரும்பாலும் ஆண்களின் வேலை. நொறுங்கிய சக்கையைத் தட்டி உதிர்த்து, இரும்புப் பல் அடித்த பலகையில் நாரை மறுபடி மறுபடி சீவினால் இழை இழையாக மினுமினுப்பு வரும். முடிவில் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

பல்லில் சிக்கிய குட்டை நாரையும் யாரும் எறியவில்லை. அது சாக்காயிற்று, உடம்பைக் குத்தும் முரட்டு வேலைச் சட்டையும் ஆயிற்று. யாருக்கு எந்தத் துணி என்பதைச் சில இடங்களில் சட்டமே சொன்னது. தென் கரோலினாவின் 1740-ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைகள் மலிவான முரட்டுத் துணிகளை மட்டுமே உடுத்தலாம் என்று வகை வகையாகப் பெயர் சொல்லி விதித்தது. மற்றவரின் மெல்லிய சட்டையைத் துவைத்துத் தேய்த்த அடிமைப் பெண்ணுக்கு அந்த மென்மை தன் உடம்பில் படக் கூடாது என்பதை எழுதியே வைத்தார்கள்.

நூற்பு மிதிராட்டையில் நடக்கும். விரலை ஈரப்படுத்திக்கொண்டே இழுத்தால்தான் இழை வழவழப்பாக வரும். நூலைச் சிட்டமாகச் சுற்றுவது பிள்ளைகள் பாடு. நெசவு இங்கிலாந்தில் ஆண்களின் தொழில். நியூ இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் அது மெல்ல மெல்லப் பெண்கள் கைக்கு வந்தது. ஒரு வீட்டில் தறி, இன்னொரு வீட்டில் ராட்டை என்று அக்கம்பக்கத்தார் வேலையைக் கைமாற்றிக்கொண்டார்கள். தறியிலிருந்து இறங்கிய துணி பழுப்பாக இருக்கும். சாம்பல் காரத்தில் அவித்து, மோரில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்து நீர் தெளித்து வாரக்கணக்கில் வெயிலில் வெளுப்பார்கள்.

பிறகு கத்தரி. சட்டையின் எல்லாப் பாகமும் சதுரம் அல்லது நீள்சதுரம். வளைத்து வெட்டினால் துண்டு வீணாகும் என்பதுதான் காரணம். மூலையில் சிறு குறுக்குத் தையலால் முதலெழுத்து பொறிப்பார்கள், சலவையில் மாறிப்போகாமல் இருக்க. அந்தத் தையலில்தான் சிறுமிகள் பலருக்கு எழுத்து பழக்கமாயிற்று. பிளிமத்தில் லோரா ஸ்டாண்டிஷ் என்ற பெண் 1653 வாக்கில் தைத்த தையல் மாதிரித் துணி இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பகலில் உடுத்திய சட்டையே இரவில் படுக்கை உடையும். கிழிந்தால் மகனுக்குச் சிறிதாக வெட்டுவார்கள், பிறகு குழந்தைக்குத் துணியாகும். ஏழெட்டுப் பிள்ளைகள் பிறப்பது சாதாரணமாக இருந்த வீடுகளில் பழந்துணிக்கு ஓய்வேது? கடைசியில் கந்தல் மூட்டை.

கந்தலையும் வாங்க ஆள் இருந்தது. 1690-இல் வில்லியம் ரிட்டன்ஹவுஸ் பிலடெல்பியாவுக்கு அருகில் ஜெர்மன்டவுனில் காகித ஆலை தொடங்கினார். ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் அதுவே முதலாவது. மரக்கூழ் காகிதம் வராத காலம். லினன் கந்தல்தான் மூலப்பொருள். பெஞ்சமின் பிராங்க்ளினின் மனைவி டெபோரா கடையில் உட்கார்ந்து காகித ஆலைகளுக்காகப் பழைய லினன் கந்தல் வாங்கியதைப் பிராங்க்ளினே தன் வரலாற்றில் நன்றியோடு குறித்திருக்கிறார். தண்ணீர்ச் சக்கரம் ஓட்டிய உலக்கைகள் கந்தலை இடித்துக் கூழாக்கும். கூழிலிருந்து தாள், தாளில் செய்தித்தாள், பஞ்சாங்கம், பத்திரம்.

பத்திரத்தில் ஒரு வகை, இறந்தவரின் சொத்துப் பட்டியல். குடும்பத்தலைவர் இறந்ததும் அக்கம்பக்கத்து ஆண்கள் அறை அறையாகப் போய்ப் படுக்கை விரிப்பு, சட்டை, நூற்று வைத்த நூல் வரை விலை போட்டு எழுதுவார்கள். மனைவி நூற்று நெய்ததும் சட்டப்படி கணவனின் உடைமை. அதனால் அவள் உழைப்பெல்லாம் அவன் பெயரில் பட்டியலாகும். உயில் இல்லாவிட்டால் வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு. படிக்கத் தெரிந்தும் எழுதக் கற்பிக்கப்படாத பெண்கள் பலர். அவர்களிடம் கையெழுத்து கேட்டபோது பெயருக்குப் பதில் ஒரு குறிதான் போட்டார்கள்.