குவிர்க்

16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிவிட்ட சொல் ‘குவிர்க்’. அதன் வேர் இன்னும் பிடிபடவில்லை. முதலில் வாதத்தில் நழுவும் தந்திரத்தைக் குறித்தது. பிறகு ஒருவருக்கே உரிய விசித்திரப் பழக்கத்தை. இயங்குதளம் எழுதுபவர்களிடையே இன்று அது தொழிற்சொல்.

வன்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று விதிநூல் சொல்லும். சந்தைக்கு வந்த சில்லு வேறு மாதிரி நடக்கும். விற்றுப்போன சில்லைத் திரும்பச் செய்ய முடியாது, ஆகவே மென்பொருள்தான் வளைந்துகொடுக்கிறது. அந்தப் பிறழ்ச்சிக்கும் அதைச் சமாளிக்கும் நிரல்துண்டுக்கும் ஒரே பெயர்: குவிர்க். தமிழில் ‘கோணல்’ என்றால் பாதிப் பொருள்தான் வரும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், கணினிக்குள் பாகங்களை இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் (தரவுப்பாதையில்) அமரும் சாதனங்களின் கோணல்களுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு சாதனமும் தயாரிப்பாளர் எண், சாதன எண் இரண்டையும் சுமந்து வருகிறது. கணினி எழும்போது கெர்னல் அவற்றைப் படித்து, அந்தக் கோப்பிலுள்ள பட்டியலோடு பொருந்தினால் உரிய திருத்தத்தை ஓட்டும். உதாரணமாக, 2001 வாக்கில் வியா நிறுவனத்தின் 686பி சில்லு பொருத்திய தாய்ப்பலகைகள் சிலவற்றில், பெரிய கோப்புகளை நகலெடுத்தால் தரவு சிதைந்தது. பஸ்ஸில் அடுத்த முறை எந்தச் சாதனத்துக்கு என்று தீர்மானிக்கும் பதிவகத்தில் சில பிட்டுகளை மாற்றுகிறது அதற்கான திருத்தம். சின்னஞ்சிறு நிரல், காப்பாற்றியதோ மனிதர்களின் கோப்புகளை. இப்படிப்பட்ட வேலைக்கு எந்தப் பாராட்டும் மிகையாகாது.

யுஎஸ்பி சாதனங்களுக்குக் கெர்னலில் தனிப் பட்டியல் உண்டு. உறக்கத்திலிருந்து எழுந்ததும் மீட்டமைத்தே ஆக வேண்டிய வெப்கேமராக்கள் அதில் இடம்பெற்றுள்ளன. புதிதாக ஒரு சாதனம் முரண்டுபிடித்தால், கெர்னலை மறுபடி தொகுக்காமலே, துவக்க அளவுருவாக அதன் எண்களைக் கொடுத்துப் பயனரே சேர்த்துக்கொள்ளலாம்.