111 வருஷம் 8 மாதம்: தர்ஸ்டன் பள்ளி வழக்கும் ‘சிறுவன்’ என்கிற வகைமையும்

கணக்கை முதலில் போட்டுவிடுவோம். நான்கு கொலைகளுக்கு 25 ஆண்டுகள், நான்கும் ஏககாலத்தில். 26 கொலை முயற்சிகளுக்குத் தலா 90 மாதம், அதில் 40 மாதம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக. 26ஐ 40ஆல் பெருக்கினால் 1040 மாதம், அதாவது 86 வருஷம் 8 மாதம். கூட்டினால் 111 வருஷம் 8 மாதம். 1999 நவம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நீதிபதி ஜாக் மாட்டிசன், கிப் கிங்கெல் என்கிற பையனுக்கு விதித்த தண்டனை இது. அன்று அவனுக்கு வயது 17. குற்றத்தைச் செய்தபோது 15. பரோல் கிடையாது. (அமெரிக்கப் பரோல் நம்மூர்ப் பரோல் மாதிரி பத்து நாள் வீட்டுக்கு அனுப்பித் திரும்பக் கூப்பிடும் லீவு இல்லை. நிபந்தனையுடன் வெளியே விட்டுவிடுவது.)

செத்தவர்களுக்கு 25, பிழைத்தவர்களுக்கு 86. இது என்னய்யா கணக்கு என்று கேட்கத் தோன்றும். கேட்பதற்கு முன் நீதிபதி சொன்ன நியாயத்தையும் பார்த்துவிட வேண்டும். குண்டுபட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்மேல் பாய்ந்த குண்டுக்கு ஒரு விலை வைக்கப்பட்டது என்று தெரிய வேண்டும் என்றார் அவர். உடம்பில் குண்டோடு வாழ்பவர்கள் கூண்டேறிப் பேசியதை நாள்கணக்காகக் கேட்டவர். அந்த நியாயத்தைக் கிண்டல் பண்ணுவது என் வேலையில்லை. ஆனால் இந்தக் கூட்டல் எந்தச் சட்டப் பிரதியின்மேல் நின்று சாத்தியமானது என்பதைத்தான் நாம் வாசித்தாக வேண்டும்.

நடந்தது இது. 1998 மே 20, ஸ்பிரிங்ஃபீல்டு என்கிற மரத்தொழில் ஊர். திருட்டுத் துப்பாக்கியைப் பள்ளி லாக்கரில் வைத்திருந்ததாகப் பிடிபட்டு வெளியேற்றப்பட்ட கிங்கெல், போலீசிலிருந்து அப்பாவோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அன்றே அப்பாவையும் பிறகு அம்மாவையும் கொன்றான். இரண்டு பேருமே ஆசிரியர்கள். மறுநாள் காலை தர்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில் சுட்டதில் 2 மாணவர்கள் இறந்தார்கள், 25 பேர் காயம்பட்டார்கள். காயம்பட்ட மாணவர் ஒருவரே பாய்ந்து அவனை மடக்கினார். காவல்நிலையத்தில் கத்தியோடு ஒரு போலீஸ்காரர்மேல் பாய்ந்தது இருபத்தாறாவது எண்.

இந்த வழக்கில் ‘விசாரணை’ என்று நாம் நினைப்பது நடக்கவேயில்லை. மனநோயால் குற்றப்பொறுப்பு இல்லை என்கிற வாதத்தோடுதான் வக்கீல்கள் தயாரானார்கள். ஜூரியை உட்கார்த்தி வைப்பதற்குச் சில நாட்கள் முன்பு, 1999 செப்டம்பரில், அதைக் கைவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மிச்சமிருந்தது எத்தனை வருஷம் என்கிற கேள்வி மட்டுமே. அந்த அமர்வில்தான் டாக்டர்கள் வந்து மனச்சிதைவு என்றார்கள், பன்னிரண்டு வயதிலிருந்து குரல்கள் கேட்கின்றன என்றார்கள். பைத்தியமா இல்லையா என்று தீர்மானிக்கிற கதவு அதற்கு முன்பே சாத்தியாகிவிட்டது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1857இல் எழுதப்பட்ட ஓரிகன் அரசியல் சாசனம், தண்டனைச் சட்டங்கள் பழிவாங்கலின்மேல் அல்ல, திருத்துதலின்மேல் கட்டப்பட வேண்டும் என்றது. கிட்டத்தட்ட 140 வருஷம் அது அப்படியே இருந்தது. 1994 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘மெஷர் 11’, பட்டியலிட்ட குற்றங்களுக்குக் குறையாத தண்டனை என்றும், 15 வயதானவன் அவற்றைச் செய்தால் பெரியவர்கள் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும் என்றும் ஆக்கியது. 1996இல் இன்னொரு வாக்கெடுப்பு சாசன வாசகத்தையே திருத்தியது. சமூகப் பாதுகாப்பு, தனிமனிதப் பொறுப்பு, செயலுக்குப் பதில் சொல்லுதல் எல்லாம் முன்னே வந்தன. திருத்துதல் வரிசையில் கடைசிக்குப் போனது. மாட்டிசன் தன் தீர்ப்பில் இந்தத் திருத்தத்தைத்தான் எடுத்துக் காட்டினார். ஒரு தனிமனிதன் திருந்தக்கூடும் என்பதைவிடச் சமூகத்தின் பாதுகாப்பே பெரிது என்று மக்கள் சொல்லிவிட்டார்கள் என்பது அவருடைய வாசிப்பு. ஆக, 1999இன் அந்தக் கூட்டலை நீதிபதியின் கொடூரம் என்று எழுதினால் விஷயம் கைநழுவிப் போகும். வாக்குப்பெட்டி ஏற்கெனவே பேசியிருந்தது.

வாக்குப்பெட்டி அப்படிப் பேசிய காலம் எது? பெருநகரத்துக் கறுப்பினப் பையன்களைக் காட்டிப் பயமுறுத்திய காலம். அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜான் டிலூலியோ 1995இல் அதற்குச் ‘சூப்பர் பிரிடேட்டர்’ என்று பெயர் வைத்தார். மகா வேட்டை மிருகம். மனசாட்சியே இல்லாத ஒரு தலைமுறை வருகிறது என்றார். வரவில்லை. சிறார் குற்றங்கள் அந்தச் சமயத்திலேயே இறங்க ஆரம்பித்துவிட்டன. 2012இல் உச்சநீதிமன்றத்துக்குப் போன, கணிப்பு தப்பு என்கிற மனுவில் டிலூலியோவே கையெழுத்துப் போட்டார். சட்டங்கள் மட்டும் புத்தகத்தில் தங்கிவிட்டன. கறுப்பின உடலை மனத்தில் வைத்துப் பின்னிய வலையில், ஆசிரியர் வீட்டு வெள்ளைப் பையனும் மாட்டினான். பத்திரிகைகள் மட்டும் அவனுக்கு உளவியல் எழுதின. மற்றவனுக்கு மிருகவியல்!

இதற்கு எதிராக, பழைய சிறார் நீதிமன்றத்தை ஏதோ கருணைக் கூடமாகப் பார்ப்பதும் ஏமாற்றுதான். 1899இல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் வந்தபோது, நீதிபதி தகப்பன் மாதிரி என்றார்கள். தகப்பனுக்கு வக்கீல் எதற்கு, சாட்சி எதற்கு? 1964இல் அரிசோனாவில் ஆபாசமாகப் போனில் பேசியதாக ஜெரால்ட் கால்ட் என்கிற 15 வயதுப் பையனை 21 வயது வரை அடைத்து வைக்கலாம் என்று அந்தத் தகப்பன் உத்தரவிட்டார். பெரியவன் ஒருத்தன் அதே தப்பைச் செய்திருந்தால் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதம். சிறுவனுக்கும் வக்கீல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்ல 1967 ஆனது. ‘சிறுவன்’ என்பது இயற்கையில் கிடக்கிற பொருளில்லை. கோர்ட், பள்ளிக்கூடம், மருத்துவமனை மூன்றும் சேர்ந்து அவ்வப்போது வரையறுத்துக்கொள்கிற ஒரு வகைமை.

சந்தேகம் இருந்தால் அதே 1998ஐப் பாருங்கள். தர்ஸ்டனுக்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 24, அர்க்கன்சாஸின் ஜோன்ஸ்போரோவில் 13 வயதும் 11 வயதும் ஆன இரண்டு பையன்கள் தீ எச்சரிக்கை மணியை அடித்து, வெளியே வந்தவர்களை மரங்களுக்குப் பின்னாலிருந்து சுட்டார்கள். 4 சிறுமிகள், ஓர் ஆசிரியை இறந்தார்கள், 10 பேர் காயம்பட்டார்கள். அந்த மாநிலச் சட்டத்தில் 14க்குக் கீழே பெரியவர்கள் கோர்ட்டுக்கு வழியில்லை. 21 வயதில் ஒருவன் 2005இலும் இன்னொருவன் 2007இலும் வெளியே வந்தார்கள். இறந்தவர்களின் பெற்றோர் கொதித்தார்கள், அதில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? மாநிலமும் 1999இல் சட்டத்தை மாற்றியது. ஒரே நாடு, ஒரே வருஷம். இங்கே ஏழு, ஒன்பது வருஷம், அங்கே 111. நடுவே நிற்பது இரண்டு வயதும் ஒரு மாநில எல்லைக்கோடும்.

மரண தண்டனைக்கு எதிராக நிற்கிற நாம் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகு வருகிறது. 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்குத் தூக்கு கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2005இல் சொன்னது. 2012இல், அந்த வயதினருக்குப் பரோலே இல்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. இளமை ஒரு கடந்துபோகிற நிலை என்பது காரணம். நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் 111 வருஷத்துக்கு ‘ஆயுள்’ என்று பெயரில்லையே! கிங்கெல் வழக்கு ஓரிகன் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 2018இல் அது தண்டனையை உறுதி செய்தது. காரணத்தைக் கேளுங்கள்: அவனைச் செய்ய வைத்தது கடந்துபோகிற இளமை இல்லை, தீராத மனநோய்.

நின்று பார்ப்போம். 1999இல் நோய் அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. 2018இல் அதே நோய் அவனை இளமையிலிருந்து விலக்கி வைத்தது. மன்னிப்புக்கு உதவாத நோய், அபாயத்துக்குச் சான்றாகிறது. மிஷேல் ஃபூக்கோ 1977இல் டொரண்டோ உரையில் பேசிய ‘அபாயகரமான மனிதன்’ இவன்தான். என்ன செய்தாய் என்கிற கேள்வியின் இடத்தில் நீ யார் என்கிற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அம்மாவையும் தங்கையையும் தம்பியையும் கொன்ற பியேர் ரிவியேர் என்கிற 20 வயது நார்மண்டி விவசாயப் பையனின் வழக்கை (1835) ஃபூக்கோவும் சகாக்களும் 1973இல் தொகுத்தபோது, டாக்டர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டதையும், நடுவில் அவன் தன் கைப்பட எழுதிய நினைவுக் குறிப்பு யாருடைய அறிவுக்கும் அடங்காமல் நின்றதையும் காட்டினார்கள். ரிவியேரின் தூக்கை மன்னர் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1840இல் அவன் சிறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்டான்.

இதுவரை கிங்கெலை ‘அவன்’ என்றே எழுதிவந்தேன். பதினைந்து வயதுப் பையனுக்குத் தமிழில் அதுதான் வரும். இன்று நாற்பதைத் தாண்டியவர். அவர் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் 111 வருஷம் என்கிற எண்ணுக்குள் அந்த விகுதி மாற்றத்துக்கு இடமில்லை. 2019இல் ஓரிகன் தன் சட்டத்தைத் தளர்த்தியது. சிறாருக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை ஒழிந்தது, 15 வருஷம் கழித்து மறுபரிசீலனை வந்தது. பழைய வழக்குகளுக்குச் செல்லாது. அந்த விவாதத்தில் எதிர்ப்பாளர்கள் கையில் எடுத்த பெயர்களில் கிங்கெல் முக்கியமானது. இருபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் பேசாதிருந்தவர் 2021இல் முதன்முறையாகப் பேட்டி கொடுத்தபோது, 15 வயதில் தான் செய்த நாசத்தோடு, தன் பெயரால் மற்ற கைதிகளுக்கு இப்போதும் நேர்கிற கெடுதலும் தன் பொறுப்பு என்றார்.

துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. 1999இல் அது வெறும் சான்றுப்பொருள். மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 4 மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனுக்கு 2023 டிசம்பரில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விழுந்தது. நான்கு நாள் முன்பு துப்பாக்கி வாங்கிய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 2024இல் 10 முதல் 15 வருஷம். குடும்பம் முழுக்க உள்ளே போனது. விற்ற தொழில் கூண்டுக்கு வரவில்லை.

கென்டக்கியில் 1997 டிசம்பர் 1 அன்று ஹீத் பள்ளியில் 3 மாணவிகளைக் கொன்ற மைக்கேல் கார்னீலுக்கு அன்று வயது 14. ஆயுள் தண்டனைதான், ஆனால் 25 வருஷம் கழித்துப் பரோலுக்கு வழி இருந்தது. 2022 செப்டம்பரில் வாரியத்தின் முன்னால் வீடியோவில் வந்தார். வயது 39. குரல்கள் இன்னும் கேட்கின்றன என்று மறைக்காமல் சொன்னார், அவற்றின்படி நடக்காமலிருக்கக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். அவருடைய கோப்பில் நோய் தேறும் வாய்ப்பு குறைவு என்று எழுதியிருப்பதை வாரியத் தலைவர் அவருக்கே வாசித்துக் காட்டினார். சில நாட்களில் முழு வாரியமும் கூடி, ஆயுள் முழுக்க உள்ளேயே என்று ஒருமனதாக முடிவெடுத்தது.