வண்டிக்குத் தீனியான மக்காச்சோளம்



உழவர் விளைவிக்கும் தானியம் மனிதருக்கு உணவாகிறது, கால்நடைக்குத் தீவனமாகிறது. அதுவே மோட்டார் வண்டிக்கும் தீனியானால் என்ன நேரும்? இக்கேள்வியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே மக்காச்சோளத்திலிருந்து வடிக்கப்படும் எத்தனால் என்னும் எரிசாராயத்தின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

எரிசாராயம் அமெரிக்கர்களுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் டர்பன்டைன் கலந்த சாராயம் பல இல்லங்களில் விளக்கெரித்தது. 1862இல் உள்நாட்டுப் போரின் செலவுக்காக அரசு சாராயத்தின் மீது வரி விதித்தது. குடிக்கும் சாராயம், எரிக்கும் சாராயம் என்ற வேறுபாட்டை அவ்வரி பார்க்கவில்லை. விளக்குச் சாராயம் விலையேறவே, மண்ணெண்ணெய் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொழிலுக்குரிய சாராயத்திற்கு 1906இல் வரிவிலக்குக் கிடைத்தது. மோட்டார் உற்பத்தியாளர் ஹென்ரி ஃபோர்டும் அதனைப் பெரிதும் ஆதரித்தார். ஆனால் அதற்குள் பெட்ரோல் மலிந்துவிட்டது.

1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது நிலைமை மாறியது. பெட்ரோல் நிலையங்களில் வண்டிகள் வரிசை பிடித்து நின்றன. பத்தில் ஒரு பங்கு எரிசாராயம் கலந்த பெட்ரோலுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் கேலனுக்கு 4 சென்ட் வரிச்சலுகை அளித்தது. பின்னர் 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள், இத்தனை கேலன் கலந்தே தீரவேண்டும் என்று கட்டளையிட்டன. 2000இல் சுமார் 160 கோடி கேலனாக இருந்த உற்பத்தி, 2010இல் 1,300 கோடி கேலனைத் தாண்டியது. ஒரு காலத்தில் சட்டத்தால் வீழ்ந்த எரிபொருள், சட்டத்தாலேயே மீண்டும் எழுந்தது எனலாம்.

இதனால் நன்மை விளையவில்லையா? விளைந்தது. அயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா மாநிலங்களின் சிற்றூர்களில் வடிசாலைகள் எழுந்தன, வேலைகள் பெருகின. விளைச்சல் மிகுந்து விலை சரிந்த காலங்களைக் கண்ட உழவருக்கு உறுதியான சந்தை கிடைத்தது. நிலத்தடி நீரைக் கெடுத்த வேறொரு பெட்ரோல் கலவைப்பொருளும் விலக்கப்பட்டது. 25 கிலோ மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 10 லிட்டர் எரிசாராயம் கிடைக்கிறது. எஞ்சும் சக்கையில் 7 கிலோவுக்கு மேல் கால்நடைத் தீவனமாகிறது. எனவே தானியம் முழுவதும் எரிந்துபோகிறது என்பது சரியன்று.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு லிட்டர் எரிசாராயம் தரும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்கே. 2011-12 அளவில் அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு வடிசாலைகளுக்குச் சென்றது. 2005இல் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ, 2 டாலர் அளவில் விற்றது. 2012ஆம் ஆண்டு வறட்சியின்போது 8 டாலரைக் கடந்தது. 2007 ஜனவரியில், மக்காச்சோள ரொட்டியையே அன்றாட உணவாகக் கொண்ட மெக்சிக்கோவில், விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் தலைநகரின் வீதிகளில் திரண்டனர். எரிசாராயம் ஒன்றே காரணம் என்று நாம் கூறிவிட முடியாது. எண்ணெய் விலையும் வணிகச் சூழலும் பங்கு கொண்டன. ஆனால் வண்டிக்காரரும் ஏழைக் குடும்பத்தாரும் ஒரே மூட்டைக்கு விலை கேட்டு நின்றார்கள் என்பது உண்மை.

நிலமும் நீரும் இதில் தப்பவில்லை. மண்ணைக் காக்க ஓய்வில் விடப்பட்ட நிலம் 2007இல் 3 கோடியே 60 இலட்சம் ஏக்கருக்கு மேலிருந்தது. 2015இல் அது 2 கோடியே 40 இலட்சமாகக் குறைந்தது. தானிய விலையேற்றம் அதற்கு ஒரு காரணம். மக்காச்சோளம் தழைச்சத்து உரத்தை மிகுதியாகக் கேட்கும் பயிர். வயல்களில் இட்ட உரத்தின் ஒரு பகுதி மிசிசிப்பி ஆற்றின் வழியே மெக்சிக்கோ வளைகுடாவை அடைகிறது. அங்கே பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. 2017இல் அவ்வாறு உயிர்வாழ இயலாமற்போன கடற்பரப்பு 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. நம் பேராக் மாநிலத்தைவிட அது பெரிது!

காற்றுக்கேனும் நன்மை உண்டா? இங்கேதான் அறிஞர் பிரிகின்றனர். பெட்ரோலைவிட 44 முதல் 52 விழுக்காடு வரை குறைவான கரிவாயுவே வெளிப்படுகிறது என்று ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தார் 2021இல் கணக்கிட்டனர். குறையவே இல்லை, 24 விழுக்காடு கூடுதலாகவும் இருக்கலாம் என்று 2022இல் வேறோர் ஆய்வுக்குழு வாதிட்டது. வேறுபாட்டின் வேர், புதிதாக உழப்பட்ட நிலத்தைக் கணக்கில் சேர்க்கும் முறையில் இருக்கிறது. புல்வெளியை உழுதால், மண்ணில் நெடுங்காலம் அடங்கியிருந்த கரி காற்றில் கலக்கிறது அன்றோ!

ஆகவே, ஓர் எரிபொருள் நல்லதா தீயதா என்பதை வண்டியின் புகைக்குழாயை மட்டும் பார்த்துத் தீர்மானித்துவிட முடியாது. வயல், ஆறு, கடல், சமையற்கட்டு ஆகிய நான்கையும் சேர்த்துக் கூட்டினால்தான் கணக்கு முடியும். செம்பனை எண்ணெயை டீசலில் கலக்கும் நம் நாட்டுக்கும் இக்கணக்கு அந்நியமன்று. சட்டம் இயற்றுவோர் அதனை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்லது. பின்னர் போடப்படும் கணக்கில், பெரும்பாலும் ஏழைகளின் பெயரே பற்றுப் பக்கத்தில் எழுதப்படுகிறது.