முட்டுக்கட்டை

"எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறான்" என்று யாரையாவது நாம் குறை கூறும்போது, அந்தக் கட்டைக்குப் பெரிய அநியாயம் செய்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாரமான பொருளை நகர்த்திய மனித சரித்திரத்தில் அதைப்போல் உயிர் காத்த கருவி வேறு அதிகம் இல்லை.

எங்கள் உடுமலைப்பேட்டையில் வருஷந்தோறும் நோன்பு சாட்டி, மாரியம்மன் தேர் ஓடுகிறது. ஊர் முழுவதும் வடம் பிடிப்பவர்களையே பார்க்கிறது. எனக்கோ சக்கரத்தடியில் குனிந்து ஓடும் நாலைந்து பேர்மீதுதான் கண். தேருக்குத் திருப்பும் விசை கிடையாது. கட்டையைச் சக்கரத்தின் முன்னால் சற்றுச் சாய்வாகக் கொடுத்தால் தேர் திரும்பும். நேராகக் கொடுத்தால் நிற்கும். இழுப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கலாம். நிறுத்துகிறவன் ஒருவன் தவறினால் அந்த ஆயிரம் பேருக்கும் ஆபத்து.

இந்த உண்மை திருவாரூரில் நன்கு விளங்கும். அங்குள்ள ஆழித்தேர் சுமார் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன் என்பார்கள். பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த அந்தத் தேர் 1970-ல் மீண்டும் ஓடியது. அப்போது திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். இழுக்கும் எஞ்சினைப் பொருத்தவில்லை, நிறுத்தும் பிரேக்கைப் பொருத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். பிரேக் வந்த பிறகும் கட்டை போடுகிறவர்களின் வேலை போய்விடவில்லை.

நிறுத்தவே முடியாத பாரத்தை என்ன செய்வது? அதற்கும் எங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பொள்ளாச்சிக்கு அப்பால், ஆனைமலையில் டாப்சிலிப் என்று ஓர் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அந்தக் காட்டுத் தேக்கை வெட்டிப் பம்பாயில் கப்பல் கட்டுவதற்கு அனுப்பினார்கள். யானைகள் மரத்தை மலை விளிம்புவரை இழுத்து வரும். அங்கிருந்து கீழே சறுக்கி விடுவார்கள். உச்சியிலிருந்து சறுக்கிய இடம் ஆகையால் அந்தப் பெயர் வந்தது. சறுக்கிவிட்ட மரத்துக்குக் கட்டையும் கிடையாது, கடிவாளமும் கிடையாது. ஆகையால் அந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: அது போகிற வழியில் ஒரு ஜீவனும் நிற்கக் கூடாது.

ஆக, பாரத்தை இறக்க வழி இரண்டே. ஒன்று, அதைப் பிடித்துப் பிடித்து விடுவது. மற்றொன்று, கீழே யாரும் இல்லாமல் விட்டுவிடுவது. நாம் வீடு மாற்றும் நாளில் செய்வது என்னவோ மூன்றாவது வழி! பாரத்தைப் பிடிக்க ஏற்பாடு செய்வதில்லை; அதன் கீழே ஓர் ஆளையும் நிறுத்தி வைக்கிறோம்.

கோத்ரெஜ் கம்பெனி இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது 1923-ல். அதற்கு முன் நம் வீடுகளில் இருந்த பாரமான சாமான், பத்தாயமும் மரப்பெட்டியும்தான். பத்தாயத்தைப் பலகை பலகையாகக் கழற்றலாம். வீடும் பெரும்பாலும் தரையோடு இருந்தது. பீரோவைக் கழற்ற முடியாது. வீடோ மாடிக்கு ஏறிவிட்டது. மாடிப்படியில் சாய்த்துப் பிடித்த பீரோவின் பாரத்தில் பெரும்பங்கு, கீழ்ப்படியில் நிற்கிறவன்மேல்தான் இறங்கும். மேலே நிற்கிறவன் கை நழுவினால் அவனுக்கு நஷ்டமில்லை.

எங்கள் ஊர்ச் சந்தையருகே சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஏத்தறது பெருசில்லீங்க. எறக்கறதுலதானுங்க எல்லாம் இருக்குது."

அவர் வேலை செய்வதை ஒரு தரம் பார்த்தேன். முதலில் பீரோவைக் காலி செய்யச் சொன்னார். கதவைப் பூட்டிக் கயிற்றால் சுற்றிக் கட்டினார். அடியில் சாக்கு விரித்தார். வழி முழுவதும் நடந்து பார்த்தார். நிலைப்படியின் உயரத்தைக் கையால் அளந்தார். பிறகு பீரோவில் கட்டிய வடத்தை மாடித் தூணில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, மறுமுனையைத் தாமே பிடித்துக்கொண்டார். கயிறு தூணில் உராய்வதால் பாரத்தில் பெரும்பகுதியைத் தூணே வாங்கிக்கொள்கிறது. ஒற்றை ஆள் அதை அங்குலம் அங்குலமாக விடலாம். ஆட்கள் பக்கவாட்டில் நின்று வழிகாட்டினார்களே ஒழிய, நேர் கீழே ஒருவரும் நிற்கவில்லை. குரல் கொடுத்தவரும் அவர் ஒருவரே. மாடிப்படியில் இரண்டு குரல் கேட்டால் எந்தக் கை எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்?

மேலே பார்ப்பதும் வழி பார்ப்பதில் சேர்ந்ததுதான். 2022 ஏப்ரல் 27 அன்று, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாச் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். பக்திக்கும் பலத்துக்கும் அங்கே குறைவா?

சட்டமும் இதை அறியாமலில்லை. உடம்புக்குக் கேடு வரக்கூடிய பாரத்தை யாரையும் தூக்கச் சொல்லக் கூடாது என்றது 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல், வளர்ந்த ஆண் ஒருவன் சுமக்கத்தக்கது 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சிபாரிசு செய்தது. எங்கள் பக்கத்து நூல் மில்களுக்கு வரும் ஒரு பஞ்சுப் பொதி 170 கிலோ! மில்லில் சட்டத்தைக் காட்டிக் கேட்க இன்ஸ்பெக்டர் உண்டு. நம் வீட்டு மாடிப்படிக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருகிறார்? அன்று ஒரு நாளைக்கு முதலாளியும் நாம், சட்டமும் நாம்.

ஆகவே, வீடு மாற்றும்போது எத்தனை ஆள் தூக்க வருகிறார்கள் என்று எண்ணுவதோடு நில்லாதீர்கள். வடம் யார் கையில், கீழ்ப்படியில் யார் என்று ஒரு தரம் கேளுங்கள். பீரோ நசுங்கினால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்; முதுகெலும்பு அப்படியல்ல. நாலு பேர் அவசரப்படும்போது "கொஞ்சம் நில்லுங்கள்" என்று சொல்லுகிறவரை வீட்டார் முட்டுக்கட்டை என்று ஏசக்கூடும். ஏசட்டும், கீழே நிற்கிறவனுக்கு அவரைவிட்டால் வேறு காவல் இல்லை.