கௌபாய் திகில் படங்கள்

அமெரிக்க மேற்கின் எல்லைப்புறத்தைக் களமாகக் கொண்ட பேய், ரத்தக்காட்டேரி, நரமாமிசக் கதைகள் இவ்வகையில் அடங்கும். 1959-இல் வந்த 'கர்ஸ் ஆஃப் தி அன்டெட்' படத்தில் துப்பாக்கி வீரனே ரத்தக்காட்டேரி. சாதாரணக் குண்டு துளைத்தும் சாகாதவனைத் தோட்டா முனையில் சிறு சிலுவை பதித்துப் பாதிரியார் வீழ்த்துகிறார். 1966-இல் வந்த ஒரு படத்தில், மேற்கின் பிரபலக் கொள்ளையன் பில்லி த கிட்டோடு டிராகுலாவையே மோதவிட்டார்கள். பயத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வரும்.

அன்டோனியா பேர்ட் இயக்கிய 'ரேவனஸ்' (1999) வேறு ரகம். 1840-களில், சியரா நெவாடா மலையில் பனி சூழ்ந்த ராணுவக் கோட்டை. மனித இறைச்சி தின்றவனுக்குப் பலம் கூடுகிறது, பசியும் கூடுகிறது. 1846-47 குளிர்காலத்தில் அதே மலையில் சிக்கி, இறந்தவர்களை உண்டு பிழைத்த டோனர் குழுவின் நிழல் இதில் உண்டு.

'போன் டோமஹாக்' (2015) பாதிக்குமேல் நிதானமான பயணக்கதை. 'தி விண்ட்' (2018) படத்திலோ தனித்த வீடு, ஒரு பெண், ஓயாத காற்று.